ஆட்டத்துக்குக் கொடுப்பது எவ்வகைத் தருமம்?

சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும் நாட்களில் முள்ளிவாய்க்காலிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் அரிசியும் உப்பும் நீரும் மட்டுமே சேர்ந்த கஞ்சியை வீதியோரங்களில் காய்ச்சி வருவோர் போவோர்க்கெல்லாம் வார்த்துக் கொடுக்கும் வழக்கம், 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் அடைபட்டுக் கிடந்த சனங்கள் எதைக் குடித்து உயிர் தரித்தார்கள் என்பதைப் பின்வரும் தலைமுறை தன் நாவினாலேயே அறியவேண்டும் என்ற கருத்தினால் உண்டானது. அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளே மற்றைய மாதங்களின் மாலை வேளைகளில் பந்தை எடுத்துக்கொண்டு வெளிக்குப் போகிறார்கள். இதைக் கண்டு மனம் கூசுகின்ற முதியவர்கள் நம்மிடையே உண்டு. “ஒருநேரச் சோத்துக்கு அல்லாடுற சனம் இன்னும் இருக்கேக்கை, பந்துக்கும் சட்டைக்கும் ஏன் தம்பி காசு?” என்று அவர்கள் கேட்பது பொறாமையினாலோ அறியாமையினாலோ அன்று. பசியைக் கண்கூடாகக் கண்டவர்களின் கேள்வி அது. ஆகவே அதற்குத் தக்க சமாதானம் சொல்லவேண்டிய கடமை ஆட்டத்தை விரும்புகின்ற நமக்கு உண்டு.

இரண்டு வினாக்கள் இதில் பின்னிக் கிடக்கின்றன. துயரத்தின் முன்னிலையில் ஆட்டம் தகுமா என்பது ஒன்று. தகுமெனின், அதன் செலவு யாருடைய கடன், அந்தக் கொடை எவ்வகைத் தருமம் என்பது மற்றொன்று. இவற்றை வெறும் தர்க்கமாக நடத்துவதைவிட, கண்முன் இருக்கும் ஒரு நிறுவனத்தை வைத்து ஆராய்வதே பிரயோசனமானது. முள்ளிவாய்க்காலிலிருந்து மாங்குளம் வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால் வவுனியாப் பல்கலைக்கழகத்தை அடையலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக 1997 இல் அமைந்து, 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அது, இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களுள் இளையவற்றில் ஒன்று. மூன்றே பீடங்களுடன் தொடங்கிய சிறியதும்கூட. வன்னிப் பெருநிலத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் அங்கே கற்கிறார்கள். அதன் அணிகளில் ஆடவும் செய்கிறார்கள்.

முதல் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் சமய ஆசாரம் துக்கத்துக்குக் காலவரையறை வகுத்திருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்தால் வீடு மீண்டும் உலகத்தோடு சேர்ந்துகொள்கிறது. அதன்பின் ஆண்டுதோறும் திவசம். இவ்வொழுங்கைக் காட்டி, காலம் கழிந்தது, இனி ஆடலாம் என்று சொல்லிவிடுதல் சுலபம். ஆனால் வன்னியில் அந்தச் சமாதானம் செல்லாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டத்தை நினைத்துப் பார்த்தால், திகதி தெரியாத மரணத்துக்கு அந்தியேட்டி எந்த நாளில் செய்வது என்ற கேள்விக்கு விடையே இல்லாமல் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பது விளங்கும். அத்துக்கம் முடிந்த பிறகுதான் ஆடவேண்டுமென்றால் இந்த மண்ணில் எவரும் ஒருபோதும் ஆடமுடியாது.

இதற்குச் சாஸ்திரம் சொல்லாத ஒரு வழியைச் சனங்களே கண்டிருக்கிறார்கள். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஊர்க் கழகங்கள் நடத்துகின்ற சுற்றுப்போட்டிகளில் மிகப் பல, இறந்துபோன ஒருவரின் பெயரால் நடக்கும் ஞாபகார்த்தப் போட்டிகள். கிண்ணத்தை அந்தக் குடும்பமே கொடுக்கும். அப்படியொரு மாலையை அருகிருந்து பார்த்திருக்கிறேன். வெளியின் ஓரத்தில் ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மாலையிட்ட படத்தை வைத்து, குத்துவிளக்கேற்றினார்கள். ஒரு நிமிட அகவணக்கம் முடிந்ததும் நடுவரின் விசில் ஊதியது. தூசியும் கூச்சலுமாக ஆட்டம் நடந்தது. முடிவில் தோற்ற அணியும் வென்ற அணியும் வரிசையாக நிற்க, படத்திலிருந்தவரின் தாய் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துக்கொண்டே போனார். தன் மகனின் வயதை ஒத்த ஒரு பந்துக்காப்பாளனின் கையை மட்டும் சற்று நேரம் விடாதிருந்தார். அந்தத் தாய்க்கு ஆட்டம் துக்கத்தின் விரோதியாகத் தோன்றவில்லை. துக்கத்தை ஊரோடு சேர்ந்து சுமப்பதற்கு ஏற்பட்ட ஒரு கிரியையாகவே அவர் அதைக் கருதினார் என்று நான் துணிந்து சொல்வேன். எனவே ஆட்டம் தகுமா என்று கேட்பவருக்கு, துக்கப்பட்டவர்களே தகும் என்று தீர்ப்பளித்துவிட்டார்கள் என்பதே என் விடை.

தத்துவத்தின் வழியே பார்த்தாலும் ஆட்டம் இழிந்த பொருளன்று. படைப்பு ஏன் நிகழ்ந்தது என்ற கேள்விக்கு, பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் அதனை இறைவனின் லீலை என்று விடை கூறுகிறது. குறையொன்றும் இல்லாதவன் யாதொரு பயனையும் கருதாது செய்வது என்பது வேதாந்திகள் கொண்ட கருத்து. சைவ சித்தாந்திகளும் ஐந்தொழிலை விளையாட்டு என்று ஒப்புவார்கள். ஆனால் அது உயிர்கள் மலம் நீங்கி ஈடேறும் பொருட்டு நிகழும் விளையாட்டு என்று சேர்த்துச் சொல்வார்கள். செய்பவனுக்குப் பயன் வேண்டாதது, மற்றையோருக்குப் பயன் தருவது என்ற இந்த இரட்டைத் தன்மை இறைவனுடைய ஆட்டத்துக்கு மாத்திரம் உரியதன்று. பல்கலைக்கழக மைதானத்தில் ஓடுகின்ற பிள்ளை வேதாந்தியாக, பயனை மறந்து ஓடவேண்டும். அவனுக்குரிய பணத்தை ஒதுக்குகின்ற பேரவையும் நிதியாளரும் சித்தாந்தியாக, அவன் ஈடேற்றத்தைக் கருதி ஒதுக்கவேண்டும். இவ்விரண்டும் இடம் மாறினால், அதாவது பிள்ளை பரிசையும் பணத்தையும் எண்ணி ஓட, நிர்வாகம் யாதொரு கருத்துமின்றிக் காசை வீசினால், ஆட்டமும் கெடும், காசும் கெடும்.

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடல்கள் அறுபத்துநான்கில் மண் சுமந்த படலத்தை ஆவணி மூலந்தோறும் நம் கோயில்களில் கேட்டு வருகிறோம். வைகைப் பெருக்கை அடைக்க வீட்டுக்கொரு பங்கு கரை என்று பாண்டியன் கட்டளையிட, ஆளில்லாத பிட்டு வாணிச்சியாகிய வந்திக்கு இறைவன் கூலியாளாக வந்தான். உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்றான். உண்டு, ஆடி, பாடி, உறங்கினான். வந்தியின் பங்கு அடைபடாது கிடக்கக் கண்ட அரசன் பிரம்பால் அடித்தான். அடி எல்லார் மேலும் பட்டது, அரசன் மேலும் பட்டது. இக்கதையைப் பக்தியின் மகிமையாக மாத்திரம் சொல்லி முடித்துவிடுகிறோம். இதில் ஒரு செலவுக் கணக்கும் இருக்கிறதென்பது என் எண்ணம். வந்தி கொடுத்தது தன் பண்டத்தில் விற்பனைக்கு உதவாத பகுதி. பெற்றவன் அதையே பூரணமாக ஏற்றான். அரசன் கண்டதோ ஆகாத வேலையை மட்டும். மாணவரின் ஆட்டத்தைப் படிப்பின் இழப்பாக மாத்திரம் அளக்கின்றவர்களும், வெற்றிக் கிண்ணத்தின் எண்ணிக்கையால் மாத்திரம் அளக்கின்றவர்களும் அந்தப் பாண்டியனின் கண்ணாலேயே பார்க்கிறார்கள்.

நம் நாட்டுப்புறச் சமயமும் இதற்குச் சாட்சி. மட்டக்களப்பில் கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்து நடந்துவந்த கொம்புமுறியில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளைக் கோத்து முறியும்வரை இழுக்கும். சிங்கள மக்கள் பத்தினி தெய்வத்துக்கு நடத்தும் அங்-கெலியவும் அதன் உடன்பிறப்பே. மழை வேண்டியும் நோய் தீரவும் நடந்த அந்த அணிப் போட்டி முழு ஊரின் நேர்த்தி. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுவதும் திரள்வது போலவே அதற்கும் ஊர் திரண்டது. ஊரே செலவைத் தாங்கிற்று.

விவேகானந்தர் 1897 ஜனவரியில் அநுராதபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வழியில் வவுனியாவில் வரவேற்கப்பட்டார் என்பதை அந்த ஊரிலேயே பலர் மறந்துவிட்டார்கள். அங்கிருந்து போன சில வாரங்களில், சென்னையில், கீதையைப் படிப்பதைக் காட்டிலும் உதைபந்தாட்டம் இளைஞரைச் சுவர்க்கத்துக்கு அண்மையில் கொண்டுசெல்லும் என்ற பொருள்படப் பேசினார். கீதையை இகழ்ந்த பேச்சன்று அது. தளர்ந்த உடலுக்குக் கீதையின் பொருள் எட்டாது என்ற பேச்சு.

இனிச் செலவைப் பற்றிப் பேசுவோம். சிறிய பல்கலைக்கழகத்தின் சங்கடம் வெளிப்பார்வைக்குத் தெரியாதது. பேராதனையும் கொழும்பும் எத்தனை பேரை அனுப்புமோ, உதைபந்தாட்டத்துக்கு வவுனியாவும் அத்தனை பேரையே அனுப்பவேண்டும். ஆட்டக்காரர் பதினொருவர் என்பது மாணவர் தொகையைப் பார்த்துக் குறைவதில்லை. கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம், எல்லே, துடுப்பாட்டம், மெய்வல்லுநர் போட்டி என்று பெரும்பாலானவற்றில் ஆண், பெண் அணிகள் வேண்டும். கொழும்புக்குச் சுமார் 250 கிலோமீட்டர். ஆகவே பேருந்துக் கூலியோடு இராத்தங்கலும் சாப்பாடும் சேரும். ஐப்பசி முதல் தை வரை மழையில் மைதானம் சேறாகும், பங்குனிக்குப் பின் அதே நிலம் வெடித்துக் கல்லாகும். இரண்டையும் செப்பனிட ஆள்கூலி வேண்டும். ஆக, ஒவ்வொரு மாணவர் தலையிலும் விழும் பாரம் பெரிய பல்கலைக்கழகத்தைவிடச் சிறியதில் அதிகம். இதற்குமேல், தனிப் பல்கலைக்கழகமாகி ஒன்பது மாதம்கூட ஆகாத வேளையில், 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட இயலாதென்று அறிவித்தது. இருநூறு ரூபாவாக இருந்த டொலர் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. கடல் கடந்து வருகின்ற பந்தும் காலணியும் ஏழைப் பிள்ளையின் கைக்கு எட்டாமற் போயின.

கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தின் பயனாக நம் பிள்ளைகள் பட்டப் படிப்புக்குக் கட்டணம் செலுத்துவதில்லை. மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5000 ரூபாவாக இருந்து 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது; ஒரு சோடி நல்ல காலணி அம்மாதப் பணம் முழுவதையும் விழுங்கிவிடும். மாற்று ஆட்டக்காரன் உள்ளே போகும்போது, வெளியே வருகிறவன் எல்லைக் கோட்டருகே குந்தியிருந்து தன் காலணியைக் கழற்றிக் கொடுப்பதையும், அளவு சற்றுப் பெரிதாயிருந்தால் முன்னால் கடதாசியை மடித்துத் திணிப்பதையும் இத்தகைய சிறிய அணிகளில் காணலாம். காலணிக்கும் சட்டைக்கும் பணம் போதாதபோது அணித்தலைவன் அனுசரணைக் கடிதமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறான். அல்லது வகுப்புத் தோழர்களிடம் தண்டல் எடுக்கப்படுகிறது. இந்தத் தண்டலை நான் வெறுக்கிறேன். இல்லையென்று சொல்லக் கூசி, இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கொடுக்கும் பிள்ளை எந்தக் கூட்டத்திலும் இருக்கிறான். அவனுடைய கஞ்சியிலிருந்து எடுத்த பணத்தால் வென்ற கிண்ணத்தில் தருமம் இல்லை.

ஆட்டமே தன் செலவைச் சம்பாதிக்கட்டும் என்று சொல்வோரும் உளர். அமெரிக்காவைப் பார்த்தால் அந்த வழியின் முடிவு தெரியும். அங்கே 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தின்படி, பெரும் பல்கலைக்கழகங்கள் தம் ஆட்டக்காரருக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதலாண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் உச்சவரம்பு ஏறத்தாழ இரண்டு கோடி டொலர். உழைப்பவனுக்குக் கூலி கொடுப்பது நியாயமே. ஆயினும் கல்விக்கூடமும் வணிகசாலையும் அங்கே வேறு பிரிக்கமுடியாதபடி ஒன்றாகிவிட்டன. இதை முன்னரே கண்டஞ்சிய சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் 1939 இல் தம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற அமெரிக்க உதைபந்தாட்ட அணியையே கலைத்தார். ஆளற்றுப்போன அந்த அரங்கத்தின் படிவரிசைகளுக்குக் கீழேதான் 1942 டிசம்பரில் உலகின் முதல் அணுத் தொடர்வினை நிகழ்த்தப்பட்டது. ஒன்றினால் மற்றது விளைந்ததென்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தை விரட்டுவதனால் மட்டும் ஒரு கல்விக்கூடம் சாத்விகமாகிவிடுவதில்லை என்றே சொல்கிறேன். சிக்காகோவும் 1969 இல் அணியை மீண்டும் அமைத்தது. இன்று விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுக்காத மூன்றாம் பிரிவில் ஆடி வருகிறது. நமக்கேற்ற வழி அதற்கே அண்மையில் இருக்கிறது.

கொடை எத்தனை தூரம் போகும் என்பதற்கு யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் சான்று. 1958 இல் தோக்கியோவில் உயரம் பாய்தலில் 2.03 மீட்டரைத் தாண்டி, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொணர்ந்த அவர், லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கற்று, அதன் அணிக்காகவும் பாய்ந்தவர். பின்பு கலாநிதிப் பட்டம் பெற்று, முதுமையில் தாயகத்துப் பிள்ளைகளின் கல்விக்காகவும் விளையாட்டுக்காகவும் உழைத்து, 2024 இல் மறைந்தார். ஓர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் தன் அணியில் அவருக்குக் கொடுத்த இடம் அரை நூற்றாண்டு கழிந்தும் இங்கே பலனளித்தது. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் தமது எழுபத்திரண்டாம் வயதில், 2023 இல், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் ஓடியும் நடந்தும் தங்கம் வென்றதை வன்னி மறந்திருக்காது. இளமையில் பழகிய உடலை எவராலும் பறிக்கமுடியாது.

அப்படியானால் இந்தக் கொடை எவ்வகையைச் சேர்ந்தது? கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூன்றாக வகுக்கிறது: கொடுப்பது கடமையென்று, கைம்மாறு செய்ய இயலாதவனுக்கு, இடமும் காலமும் அறிந்து கொடுப்பது சாத்விகம், பிரதியுபகாரத்தைக் கருதி, மனம் நொந்து கொடுப்பது ராஜசம், அவமதித்துத் தகாதவிடத்துக் கொடுப்பது தாமசம். சட்டையின் நெஞ்சில் தன் பெயர் பொறிக்கப்படவேண்டும் என்று கேட்டுக் கொடுக்கும் வணிகர் செய்வது ராஜசம், பாவமன்று, வியாபாரம். தொரன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து அனுப்புகின்ற நம் உறவுகளிற் பலர் கொடுப்பது சாத்விகமே. ஆயினும் சிலர், தாம் கொடுத்ததற்கு ஈடாக அணித் தெரிவிலும் தலைவர் நியமனத்திலும் சொல்லுரிமை வேண்டுகிறபோது அது மெல்ல வழுவிவிடுகிறது. இறந்த மகனின் பெயரால் கிண்ணம் கொடுக்கும் தாயை இவர்களோடு சேர்க்கக்கூடாது.

ஆனால் கீதையின் பாகுபாடு கொடுப்பவனின் மனத்தை அளக்கிறதேயன்றி, பெறுபவனின் மானத்தை அளக்கவில்லை. அதற்கு வள்ளுவரிடமே போகவேண்டும். வறியவர்க்குக் கொடுப்பதை ஈகை என்று ஓர் அதிகாரமாகவும், ஊர் முழுவதற்கும் பயன்படுவதை ஒப்புரவறிதல் என்று அதற்கு முந்திய அதிகாரமாகவும் அவர் பிரித்து வைத்தார். ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகள் ஊர்க்குளமும், பழமரமும், மருந்துமரமும். அவற்றிலே பெறுபவன் இரப்பவனல்லன். கஞ்சி ஈகை, ஆட்டத்துக்கு உதவுவது ஒப்புரவு. முதியவரின் கேள்விக்கு இதுவே என் சமாதானம்: பந்துக்குக் கொடுத்ததால் கஞ்சிக்குக் கொடுத்ததாகாது, கஞ்சிக்குக் கொடுத்ததால் பந்துக்குரிய கடன் தீர்ந்ததுமாகாது. பஞ்சம் வந்த ஆண்டிலும் குளக்கட்டைக் கைவிடலாகாது என்பதை வன்னியாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒப்புரவு என்று கொண்டால், அணித்தலைவன் கடை வாசலில் தலைகுனிந்து நிற்கவேண்டிய அவசியம் ஒழிந்துவிடும்.

முதியவர் பக்கம் ஆறுமுக நாவலர் நிற்பார் என்று சிலர் நினைக்கக்கூடும். பஞ்சம் வாட்டிய 1877 ஆம் ஆண்டில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியவர் அவர். கோயிற் பணத்தை வாணவேடிக்கையில் எரித்த அதிகாரிகளைக் கடிந்தவரும் அவர். ஆனால் நாவலர் கடிந்தது பிறர் பொருளைத் தன் இச்சைப்படி செலவிடுதலை. ஆகவே அவருடைய கண்டனத்தை ஆட்டத்தின் மேல் ஏற்றாமல் கணக்கின் மேல் ஏற்றுவதே முறை. அரசு தரும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டு. கணக்காய்வாளர் நாயகம் பார்ப்பார். தண்டலாகவும், வெளிநாட்டிலிருந்து தனியொருவரின் வங்கிக் கணக்குக்கும் வருகின்ற பணத்துக்கு யார் கணக்குக் காட்டுவது? ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் பேருந்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, சட்டைக்கு இவ்வளவு என்று உடற்கல்வி அலகின் அறிவித்தற் பலகையில் ஒரு தாளை ஒட்டிவிட்டால், பெரும்பாலான சந்தேகங்கள் எழமாட்டா.

வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் இருந்து கொடுக்க விரும்புவோரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கிண்ணங்கள் போதிய அளவு இருக்கின்றன. பேருந்துக் கூலியையும், காலணியையும், பெண்கள் அணியின் இராத்தங்கல் செலவையும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே அனுப்புங்கள். பெயர் போடவேண்டாம் என்று எழுதி அனுப்புங்கள். வருட முடிவில் கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள். மாணவரிடம் தண்டல் எடுப்பதைப் பேரவை இவ்வருடமே நிறுத்தவேண்டும்.